அண்ணன் நின்ற வரிசை

அண்ணன் அன்றைக்குக் கொல்லைப்புறக் குழாயடியில் குந்தியபடி சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தான். காலை நேரம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சட்டைகளைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, அப்பாவின் பழைய பனியனும் லுங்கியுமாகத் திரிந்த காலம் அது. சமையலறை ஜன்னலில் அவனுடைய போன் அடித்தது. கையெல்லாம் கவிச்சி, நீயே எடு என்றான். ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணியின் குரல். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பிடிபடவில்லை. "தேதி வந்துடுச்சுங்க. நம்ம தேதி வந்துடுச்சு. இப்பதான் போட்டிருக்காங்க, திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்" என்றாள். அண்ணன் மீனையும் கத்தியையும் போட்டுவிட்டு எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கத்துக் கத்தினான். கைகளை மேலே தூக்கினான். முழங்கை வழியாக மீன் தண்ணீர் வழிந்தது. பிறகு அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதில் சுவரைப் பார்த்தான், கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தான், திறந்து கிடந்த குழாயைப் பார்த்தான். தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தேதி என்ன என்று புரிய, அண்ணன் நின்ற வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது சில வருஷங்களுக்கான விசாதான். அங்கேயே நிலைத்து இருக்க வேண்டுமானால் கிரீன் கார்டு வேண்டும். அதற்கு வேலை கொடுத்த கம்பெனி மனுப் போட வேண்டும். கம்பெனி முதல் காகிதத்தைப் போட்ட நாள் எதுவோ, அதுதான் வரிசையில் அந்த ஆளுடைய இடம். ஒரு நாட்டுக்காரர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருப்பதால் இந்தியர்களின் வரிசை அனுமார் வாலாக நீண்டு கிடக்கிறது. மாதாமாதம் ஓர் அறிவிப்பு வரும். இன்ன தேதிக்கு முன்னால் வரிசைக்கு வந்தவர்கள் கடைசி விண்ணப்பத்தைப் போடலாம் என்று அதில் இருக்கும். நம் தேதி வந்துவிட்டால் உடனே போட்டுவிட வேண்டும். அடுத்த மாதமே அது பின்னுக்குப் போய்விடலாம். அண்ணனும் அண்ணியும் பல வருஷங்களாக அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் மாதம் பிறந்ததையே தெரிந்துகொண்டார்கள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடந்தால் கடல் என்ற இடத்தில் இருக்கிறது. அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்த்தவர். நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அம்மா தவறிவிட்டாள். அண்ணனுக்கு அந்த வயதில் எதற்கும் காத்திருக்கத் தெரியாது. ரேஷன் கடைக்கு அனுப்பினால் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெறும் பையோடு திரும்பிவிடுவான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காக ஊரே நின்றுகொண்டிருக்கும்போது, இவன் மட்டும் சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைந்துவிடுவான். ஒருநாள் அதை அப்பாவே பார்த்துவிட்டார். அன்று வாங்கிய அடியை அண்ணன் பெரியவனான பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவன் வேலை மாற்றினால் காகிதங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்குமே என்று பயந்து, பிடிக்காத ஒரு கம்பெனியில், பிடிக்காத ஒரு மேலாளருக்குக் கீழே ஆண்டுக்கணக்காக அடங்கி உட்கார்ந்திருந்தான். நினைத்தால் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

அவன் அப்படிக் காத்துக் கிடந்ததற்குக் காரணம் அவனுடைய மகள். கைக்குழந்தைப் பருவம் தாண்டியதுமே அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் படித்தது, விளையாடியது, பல் விழுந்து முளைத்தது எல்லாம் அங்கேதான். ஆனால் அவள் அங்கே இருந்தது அப்பாவின் விசாவின் நிழலில். இருபத்தோரு வயது முடிந்தால் அந்த நிழல் அவளுக்குக் கிடையாது. அதற்குள் கடைசி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் அவளையும் காப்பாற்றிவிடலாம் என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அவள் உயரமாக வளர்ந்த படங்களை அண்ணி அனுப்பும்போதெல்லாம் நான் சந்தோஷப்பட்டுப் பதில் போடுவேன். அண்ணன் அதே படங்களைப் பார்த்து இருபத்தொன்றுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னபோது அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் அவனுடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இங்கே வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, புது முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தான். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளிலேயே ஊர் உலகமெல்லாம் தொற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. விமானங்கள் நின்றன. விசா அலுவலகம் மூடியது. அண்ணன் இங்கே, அண்ணியும் மகளும் அங்கே.

அந்த மாதங்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். இப்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கம்பெனி அவனை இங்கிருந்தே வேலை செய்ய அனுமதித்தது. பகலெல்லாம் அவன் எங்களுக்குத்தான். அப்பாவுக்குத் தலை துவட்டிவிட்டான், மாத்திரை எடுத்துக் கொடுத்தான், கெடுபிடி தளர்ந்ததும் கைத்தாங்கலாகக் கடற்கரைக் கற்கள்வரை நடத்திக் கூட்டிப்போனான். என் கணவரும் அவனும் சேர்ந்து மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தார்கள். வந்த புதிதில் புத்தகத் தமிழும் ஆங்கிலமுமாகப் பேசியவன், தெருவில் நாலு பேரோடு பழகியதும் "இன்னாபா, மீனு எப்டி கீது, நேத்து புட்ச்சதா?" என்று பழைய ஆளாக மாறிவிட்டான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள அமெரிக்காவயே வுட்டுட்டு எனுக்காவ வந்து குந்திக்கினு கீறான் பாரு. எவன் வருவான்?" என்பார். மாட்டிக்கொண்டுதான் இருக்கிறான் என்று யாரும் அவரைத் திருத்தவில்லை. அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்ததே.

அப்போதுதான் அந்தத் தேதி வந்தது. கையைக் கழுவியதும் கழுவாததுமாக அண்ணன் மாடிக்குப் போய் வழக்கறிஞரைப் பிடித்தான். அங்கே அது அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கும் ராத்திரி நேரம், ஆனாலும் அவர் எடுத்தார். நான் காப்பியோடு படியேறியபோது பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது. விண்ணப்பம் போடுகிற நாளில் விண்ணப்பிக்கிறவர் அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும். மனைவியும் மகளும் அங்கே இருந்து பயனில்லை, ஏனென்றால் வரிசையில் இடம் அண்ணனுடையது. அவன் இல்லாமல் அவர்களால் போட முடியாது. "நான் லீகலா வரி கட்றேன், அதே கம்பெனிக்குத்தான் வேலை செய்றேன், ஊர்ல மாட்டிக்கிட்டது என் தப்பா?" என்று அண்ணன் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்துக் குரல் பொறுமையாக ஏதோ சொன்னது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ரூல் அப்படி" என்றான். கோபம்கூட இல்லாத குரல் அது.

நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களுக்கான காகிதங்களைத் தயார் செய்கிற வேலை. கப்பலுக்கு இந்த நேரத்தோடு கதவு சாத்துவார்கள் என்றால் சாத்துவார்கள். லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டதா, டிரைவருக்குக் காய்ச்சலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ரூல் என்று அவன் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. ஆனால் எங்கள் சரக்கு ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு கப்பல் வரும்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. விசா அலுவலகத்துக்கு அவசரச் சந்திப்பு கேட்டு எழுதினான். கம்பெனியிடம் கடிதம் வாங்கி அதை இணைத்து மறுபடி எழுதினான். வேறு நாட்டில் போய்ச் சில வாரம் தங்கி அங்கிருந்து போகலாமா என்று விசாரித்தான். எங்கே போனாலும் அந்த முத்திரை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், அதைக் குத்துகிற கைகள் எங்குமே வேலை செய்யவில்லை. ஒருநாள் என்னை வண்டியை எடுக்கச் சொன்னான். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு விசா அலுவலகம் இருக்கும் சாலைக்கே போனோம். எப்போதும் கோப்புகளைக் கையில் பிடித்தபடி ஜனங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. அண்ணன் போய் மூடிய கதவுக்கு எதிரே நின்றான். காவலுக்கு இருந்தவர் அருகில் வந்து, "சார், மெயில் போடுங்க சார். இங்க நின்னு ஒண்ணும் ஆவாது. தெனம் ரெண்டு பேர் இப்படி வர்றாங்க" என்றார். திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து, "நான் நிக்கறதுக்குக்கூட அங்க ஒரு வரிசை இல்ல பாத்தியா" என்றான்.

அங்கே அண்ணி எல்லாவற்றையும் தயார் செய்தாள். மகளோடு போய் மருத்துவப் பரிசோதனை முடித்தாள், படங்கள் எடுத்தாள். அண்ணனுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. மண்டல அலுவலகத்துக்கு நான் நடையாய் நடந்து பெயரைச் சேர்த்து வாங்கினேன். விரைவுத் தபாலில் அதை அனுப்பிவைத்த நாளில் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "காயிதம் எல்லாம் ப்ளைட்டு ஏறி போயிடுது. ஆளு மட்டும் போவ முடியல." அடுத்த மாதமும் தேதி அங்கேயே நின்றது. அதற்கடுத்த மாதமும் நின்றது. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்துச் சொல்வாள். கதவு சாத்தவில்லை, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று எங்களுக்கு உயிர் வரும்.

பிறகு தேதி பின்னால் போனது. கொஞ்சநஞ்சம் இல்லை, வருஷக்கணக்கில் போனது. அன்று காலை அப்பாவை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அண்ணன் போனைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "போச்சு" என்றான் என்னிடம் மட்டும். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டேன். என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டுபோய், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவரு நெஞ்சைத் தொறந்து இப்பதான் தெச்சு அனுப்பிக்கிறாங்க. அதுக்குள்ள கொண்டுபோய் இதை வெக்கிறதா?" என்றான். வாசலிலிருந்து அப்பா கூப்பிட்டார். "நைனா, வர்றியா? டோக்கன் போயிடப் போவுது." இதோ வந்தேன் என்று ஓடினான். ஆட்டோவில் ஏறும்போது அப்பாவின் தலையில் இடிக்காமல் இருக்க அவன் உள்ளங்கையை மேலே வைத்துப் பிடித்த விதம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது.

விசா அலுவலகம் திறந்ததும் முத்திரை கிடைத்து அவன் கிளம்பிப் போனான். வெறுங்கையோடு போகிறான் என்று தெரியாத அப்பா தெருவையே வாசலுக்குக் கூட்டிவிட்டார். "கடமைய முட்ச்சிட்டு போறான்" என்றார். அண்ணன் எல்லாரிடமும் சிரித்துச் சிரித்து விடைபெற்றான்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேதி மெல்ல ஊர்ந்தது. மகள் வேகமாக வளர்ந்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு ஒருமுறை என்னிடம் போனில் பேசினாள். "அத்தை, நான் இங்க இருக்க முடியாதுன்னு என் பிரெண்ட்ஸ்கிட்ட சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க. நீ எந்த ஊர்க்காரின்னு கேக்கறாங்க. இந்த ஊர்தானேன்னு நான் சொல்றேன்." படிப்பு முடிகிற சமயத்தில் இருபத்தோரு வயதும் முடிந்தது. மாணவர் விசாவுக்கு மாறி இன்னும் படிக்கலாம், பிறகு வேலை தேடலாம், அந்தக் கம்பெனி மனுப் போட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம் என்று அண்ணன் வழி சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் நிக்க மாட்டேன்பா" என்றாளாம். அண்ணி இதைச் சொல்லி அழுதாள். வேறொரு நாட்டில் மேல்படிப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு, அது முடிவாகும்வரை தாத்தாவோடு இருக்கிறேன் என்று திருவொற்றியூருக்கு வந்து இறங்கினாள்.

வந்த புதிதில் மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வாள். பிறகு பழகிவிட்டது. அப்பாவுக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டீக்கடையில் பேசுவதில் அவ்வளவு ஆசை. ஒரு நாள் கடையில் நாலு பேர் இருக்கும்போது வழக்கம்போல, இவ அப்பன் எனக்காக அமெரிக்காவையே விட்டுவிட்டு வந்து இருந்தான் என்று ஆரம்பித்தார். அது மறைத்து வைத்த விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. "ஆமா தாத்தா, அந்த டைம்லதான் எங்க தேதி வந்துட்டுப் போச்சு. அப்பா அங்க இருந்திருந்தா நான் இப்ப இங்க இருக்க மாட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். என்னை அலுவலகத்துக்குக் கிளம்பவிடாமல் நிறுத்தி எல்லாவற்றையும் கேட்டார். நான் சொன்னேன். நெஞ்சுத் தழும்பைச் சட்டைக்கு மேலேயே தடவிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "ஒங்கப்பனுக்குப் போன போடு" என்றார்.

"ஏன்டா எங்கைல சொல்லல?"

"சொல்லி இன்னாப்பா ஆவும். என்னால போவ முடியல. அவ்ளோதான்."

"நான் ஊரு முயுக்கச் சொல்லிக்கினு திரிஞ்சேனே நைனா. எம்புள்ள எனுக்காவ இருந்தான்னு. நீ கேட்டுக்கினு தானே இருந்த?"

"ஒனுக்காவதானப்பா வந்தேன். அது பொய் இல்லியே."

ஸ்பீக்கரில் இருந்த போனை அப்பா வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி தேதி வந்தா, நீ அங்கதான் இருக்கணும். நான் பூட்டாலும் வராத. கேக்குதா? நான் செத்துட்டேன்னு போன் வந்தாலும் வராத. சத்தியம் பண்ணு." அண்ணன் சத்தியம் செய்யவில்லை. "அப்டிலாம் பேசாதப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்குப் பிறகு அப்பா டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

தேதி மறுபடி வந்தது. இந்த முறை அண்ணன் அங்கே இருந்தான். தனக்கும் அண்ணிக்கும் விண்ணப்பம் போட்டான். மகளின் பெயருக்கு அதில் இடமில்லை. போட்ட பிறகு இன்னொரு சிக்கல். பாஸ்போர்ட்டில் முத்திரை மறுபடி காலாவதியாகியிருந்தது. பயண அனுமதி என்று ஒரு காகிதம் தனியாக வர வேண்டும். அது வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். அந்தக் காகிதத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. அண்ணன் அதில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு விடியற்காலையில், பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார்.

செய்தி சொன்னதும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "நான் கெளம்பறேன்" என்பதுதான். அண்ணி பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "எது போனாலும் போவட்டும். நான்தான் மண்ணு போடணும். நான்தான் மூத்தவன்" என்று அவன் கத்தினான். எங்கள் வழக்கத்தில் புதைப்பதுதான், முதல் மண் மூத்த பிள்ளை போட வேண்டும். வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் மகள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, வராதீங்க."

"நீ வை. அத்தைகிட்ட குடு."

"தாத்தா சொன்னாரு இல்ல? நீங்க வந்தீங்கன்னா அவர் சொன்னதும் போச்சு, நீங்க நின்னதும் போச்சு. நான் இங்க இருக்கேன்ப்பா. நான் போடறேன்."

அந்தப் பக்கம் அண்ணன் அழுத அழுகையை நான் விவரிக்கப்போவதில்லை. அவன் வரவில்லை.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளைப் பிள்ளை இடுகாட்டுக்கு வருவதா, நான் இருக்கிறேனே என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கண்ட வழக்கம் அது. அண்ணன் மகள் அவர் முன்னால் போய் நின்று, "சின்ன தாத்தா, எங்க அப்பா வர முடியாததுக்குக் காரணம் இருக்கு. அதே காரணத்தாலதான் நான் இங்க இருக்கேன். அவர் இடத்துல நான் நிக்கறேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். தட்டுத் தடுமாறிய தமிழ்தான். சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டிய ரெண்டு கையாலயும் புடிம்மா" என்றார். மேளம் முன்னால் போக, செருப்பில்லாமல் நெடுஞ்சாலையின் சூட்டில் அவள் நடந்தாள். நான் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதில் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா காட்டியபடி குனிந்து, குழிக்குள் முதல் பிடி மண்ணை அவள் போட்டாள். படம் அடிக்கடி நின்று நின்று போனதால் அண்ணன் அதைப் பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் கேட்கவில்லை.

பயண அனுமதி சில வாரங்கள் கழித்து வந்தது. அந்தக் காகிதத்துக்கு அங்கே 'அட்வான்ஸ் பரோல்' என்று பெயராம். நம் ஊரில் பரோல் என்றால் யாருக்குக் கொடுப்பார்கள் என்று தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் வந்தான். கார்டு இன்றுவரை வரவில்லை. வரும் என்கிறார்கள். வந்தாலும் எந்தப் பிள்ளைக்காக அந்த வரிசையில் போய் நின்றானோ, அவள் இன்னொரு நாட்டுக்குப் போவதற்கான கடிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் தன் அப்பாவோடு சில நாள் இருக்கலாம் என்று பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

அண்ணன் வந்த மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் இடுகாட்டுக்குப் போனோம். மெட்ரோ வந்த பிறகு தெருக்கள் மாறிப்போனதில் அண்ணனுக்கு வழி பிடிபடவில்லை. ஆட்டோக்காரர் எங்கே திரும்ப வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் மகள்தான் பதில் சொன்னாள். "ண்ணா, அந்த ஐஸ் கம்பெனி தாண்டி லெப்ட்ல வுடுங்க." அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையில் வைத்திருந்த மாலையைப் பார்த்தான்.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "வாம்மா, நல்லாகீறியா?" என்று எழுந்து வந்தார். எங்கள் முன்னால் நடந்துபோய், கால் பட்டுச் சரிந்திருந்த மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டார். மேட்டில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, மாலையைப் போடாமல் கையில் வைத்தபடியே நின்றான். பெரியவர் அவனுடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். புதிதாக வந்தவர் என்று நினைத்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், நீங்க எறந்தவருக்கு இன்னா வோணும்?"

அண்ணன் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். மகள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் சொல்லவில்லை, அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"புள்ள" என்றான் அண்ணன். "மூத்த புள்ள."